டிபன் டப்பாவுக்கு எந்த சீஸ்?

ஃபிரிட்ஜில் ஒரே ஒரு சீஸுக்குத்தான் இடம், மாதத்துக்கு ஒரு முறைதான் வாங்க முடியும் என்றால் எதை வாங்குவது? கடலூரிலிருந்து தினமும் புதுச்சேரிக்கு வேலைக்குப் போய்வருகிறவர்களிடம் உறவினர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. மஞ்சக்குப்பத்துக் கடையில் கிடைக்காத சீஸை மாலை பஸ்ஸில் வாங்கிவரும் பொறுப்பு எங்களைப் போன்றவர்கள் தலையில்தானே விழுகிறது. "நல்லதாகப் பார்த்து வாங்கி வா" என்று மட்டும் சொல்லிப் பணத்தைக் கையில் திணிப்பார்கள். நல்லது என்றால் எதற்கு நல்லது என்று நான் திருப்பிக் கேட்டால் கோபம் வரும்.

ஆனாலும் கேட்கத்தான் வேண்டும். சமையல் காணொளிகளும் விளம்பரப் படங்களும் கல்லிலிருந்து எடுத்த அந்த நொடியை வைத்துத்தான் சீஸுக்கு மதிப்பெண் போடுகின்றன. ரொட்டியைப் பிய்த்தால் நூல் நூலாக இழுபட வேண்டும், வழிய வேண்டும், ஆவி பறக்க வேண்டும். நம் வீட்டு சாண்ட்விச்சோ காலை ஏழரைக்குக் கட்டப்பட்டு மதியம் ஒரு மணிக்குத் திறக்கப்படுகிறது. நடுவில் பஸ், வெயில், பை, மேசை எல்லாம் இருக்கின்றன. ஆகவே சூடு ஆறிய பிறகு சீஸ் எப்படி இருக்கிறது என்பதுதான் என் முதல் அளவுகோல். நம் சட்னிக்கும் பொடிக்கும் தொக்குக்கும் அது இணங்குகிறதா என்பது அடுத்தது. விலை அதற்கும் அடுத்தது. ஒரு கிலோ கெட்டி சீஸ் செய்ய ஏறக்குறைய பத்து லிட்டர் பசும்பால் வேண்டும். இதைத் தெரிந்துகொண்டால் விலைச்சீட்டைப் பார்த்து அவ்வளவாக வயிறு எரியாது.

முதலில், எல்லோரும் ஏளனமாகப் பார்க்கும் பிராசஸ்டு சீஸ்.

எனக்கு சீஸ் என்று அறிமுகமானதே அதுதான். பெரியப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். புதுச்சேரியில் 'சொல்தா' என்று சொல்வார்களே, அந்த வகை. 1962 ஆகஸ்ட் 16-இல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்தபோது, விரும்பியவர்கள் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொள்ள ஆறு மாத அவகாசம் தரப்பட்டது. அப்படித் தேர்ந்துகொண்ட குடும்பங்களில் ஒன்று பெரியப்பாவின் குடும்பம். பிரான்சிலிருந்து யார் வந்தாலும் பெட்டியில் ஒரு வட்ட அட்டை டப்பா இருக்கும். மூடியில் சிரிக்கும் சிவப்பு மாடு. அதன் காதில் கம்மலாக அதே வட்ட டப்பா தொங்கும். அந்தக் கம்மலுக்குள் இருக்கும் மாட்டுக்கும் கம்மல் உண்டா என்று பிள்ளைகள் நாங்கள் மூக்கு உரசும் அளவுக்கு உற்றுப் பார்ப்போம். லெயோன் பெல் என்பவர் 1921-இல் பிரான்சின் ஜூரா பகுதியில் தொடங்கிய வியாபாரம் அது. உள்ளே வெள்ளித் தாள் சுற்றிய முக்கோணங்கள். சிவப்பு இழையைப் பிடித்து இழுத்தால் தாள் பிரியும். ஆயா ஒன்றை வாயில் போட்டுவிட்டு, "சோப்பைத் தின்ற மாதிரி இருக்கிறது" என்று முற்றத்தில் துப்பினார். அவர் பங்கு எனக்குக் கிடைத்தது.

அந்த டப்பா விமானத்தில் வந்து, சென்னையிலிருந்து காரில் வந்து, பெரியப்பா வீட்டு அலமாரியில் கிடந்து எங்களிடம் வரும்வரை கெடாமல் இருந்ததற்குக் காரணம் இருக்கிறது. 1911-இல் ஸ்விட்சர்லாந்தின் தூன் நகரில் வால்டர் கெர்பர், ஃபிரிட்ஸ் ஸ்டெட்லர் என்ற இருவர் சீஸைச் சோடியம் சிட்ரேட்டோடு சேர்த்து உருக்கிப் பார்த்தார்கள். வெப்ப நாடுகளுக்கு அனுப்பினாலும் கெடாத சீஸ் வேண்டும் என்பதே அவர்கள் நோக்கம். அதாவது நம் ஊர் வெயிலைக் கணக்கில் வைத்துச் செய்யப்பட்ட சீஸ் ஒன்று உண்டென்றால் அது இதுதான். சாதாரண சீஸில் பால் புரதத்தைக் கால்சியம் இறுகப் பிணைத்து வைத்திருக்கிறது. அதிகம் சூடாக்கினால் புரதம் ஒரு பக்கம் சுருங்கும், கொழுப்பு இன்னொரு பக்கம் எண்ணெயாக ஓடும். சிட்ரேட் உப்பு அந்தக் கால்சியத்தைப் பிடித்துக்கொள்வதால் புரதம் இளகிக் கொழுப்பைத் தன்னோடு வைத்துக்கொள்கிறது. சூட்டில் வழவழப்பாக உருகும், ஆறினாலும் மென்மையாகவே இருக்கும்.

பிறகு அமுல் டின் வந்தது. 1946-இல் குஜராத்தின் ஆனந்தில் தொடங்கிய கூட்டுறவு, எருமைப் பாலில் செய்த சீஸை நாடு முழுக்கக் கொண்டுசேர்த்தது. அப்பா டின்னைத் திறந்தால் வீட்டில் ஒரு வாரத்துக்குத் தோசை, உப்புமா, முட்டை எதுவும் தப்பாது. திறந்த டின்னைத் தீர்த்தாக வேண்டுமே. 2011 டிசம்பர் 30-ஆம் தேதி 'தானே' புயல் கடலூர்க் கரையைக் கடந்த பிறகு பல நாள் மின்சாரம் இல்லை. ஃபிரிட்ஜில் இருந்தவை எல்லாம் குப்பைக்குப் போயின. அலமாரியில் திறக்காமல் கிடந்த டின் மட்டும் பிழைத்தது. அந்த நாள்களில் ரொட்டியும் சீஸும்தான் எங்களுக்குப் பல வேளை உணவு. இந்த நன்றிக்கடனும் என் தீர்ப்பில் கலந்திருக்கலாம்.

டிபன் டப்பாவுக்கு இதை மிஞ்ச ஆளில்லை. வேகவைத்து ஆறவிட்ட உருளைக்கிழங்கை வட்டமாக நறுக்கி, ஒரு பக்க ரொட்டியில் கெட்டியான புதினா கொத்துமல்லிச் சட்னி, மறுபக்கம் துருவிய சீஸ், நடுவில் மிளகுத்தூள். நெய் தடவிய தோசைக்கல்லில் இரண்டு பக்கமும் சிவக்க எடுத்து, முழுக்க ஆறிய பிறகே மூட வேண்டும். சூட்டோடு மூடினால் ஆவி தண்ணீராகி ரொட்டி நசநசத்துவிடும். சட்னிக்கு உப்பு வேண்டாம். சீஸிலேயே தாராளமாக இருக்கிறது. வெள்ளரியும் தக்காளியும் மதியத்துக்குள் நீர் விடும், அவற்றைத் தனி டப்பாவில் வையுங்கள். ஸ்லைஸ் வசதியானது, ஆனால் ருசி கட்டியில்தான். மலிவாகத் தள்ளுபடியில் கிடைக்கும் பொட்டலங்களைத் திருப்பிப் பின்பக்கம் படிப்பது நல்லது. சேர்மானத்தில் பால் கொழுப்பின் இடத்தில் தாவர எண்ணெய் இருந்து, 'அனலாக்' என்றும் போட்டிருந்தால் அது சீஸ் அல்ல. பேருந்து நிலையங்களுக்கு அருகே விற்கும் 'சீஸ்' பண்டங்கள் பலவற்றில் இருப்பது அதுதான் என்பது என் சந்தேகம்.

மொசரெல்லாவுக்கு வருவோம். பிள்ளைகளைக் கேட்டால் இதைத்தான் சொல்வார்கள். இத்தாலியின் கம்பானியா பகுதியில் எருமைப் பாலில் செய்யத் தொடங்கியது. பாலை உறையவைத்துக் கிடைக்கும் தயிர்க்கட்டியைக் கொதிநீரில் போட்டு இழுத்து இழுத்துப் பிசைவதால் புரதம் இழை இழையாக ஒரே திசையில் படிகிறது. பீட்சாவில் நூல் வருவது அதனால்தான். கல்லிலிருந்து எடுத்த ஐந்து நிமிடத்துக்கு இதற்கு இணை கிடையாது. ஆறிவிட்டால் அந்த இழைகள் இறுகி, மெல்ல மெல்லத் தாடைதான் வலிக்கும். டப்பாவுக்கு வேண்டவே வேண்டாம். மாலை ஆறு மணிக்கு, பள்ளி விட்டு வந்த பிள்ளைகள் அடுப்படியிலேயே நிற்கும்போது செய்யலாம். ரொட்டியில் நல்லெண்ணெயில் குழைத்த இட்லிப் பொடியைத் தடவி, மேலே மொசரெல்லாத் துருவல், கொஞ்சம் வெங்காயம். கல்லில் மூடிபோட்டு வைத்தால் எள் வாசனையும் பால் வாசனையும் சேர்ந்து வரும்.

தண்ணீரில் மிதக்கும் புது மொசரெல்லா வேறு கதை. ஆரோவில்லில் லா ஃபெர்ம் பண்ணையில் செய்வது புதுச்சேரிக் கடைகளில் கிடைக்கிறது. அதைக் கல்லில் போட்டால் தண்ணீர் விட்டு ரொட்டியைக் கெடுக்கும். கையால் பிய்த்து, நாட்டுத் தக்காளி வில்லையோடு பிரெஞ்சு ரொட்டிக்குள் வைத்து, மேலே திருநீற்றுப்பச்சை இலைகளைக் கிள்ளிப் போடுங்கள். இத்தாலியர்கள் இதற்குப் போடும் பேசில் இலையும் நம் திருநீற்றுப்பச்சையும் ஒரே இனம்தான். தெருவோரத்தில் பூக்காரம்மாவிடம் கதம்பத்துக்கு வரும் அந்தக் கொத்தைக் கேட்டு வாங்கலாம்.

பன்னீரை இந்த வரிசையில் சேர்க்கலாமா என்று என் தங்கை கேட்டாள். எலுமிச்சையோ வேறு புளிப்போ விட்டுத் திரித்த பால் அது. எவ்வளவு சூடாக்கினாலும் உருகாது. உருகாததால் ஆறினாலும் மாறாது, ஆகவே டப்பாவில் தோற்காது. உதிர்த்து, பச்சை மிளகாய் மஞ்சள்தூளோடு முட்டைப் பொடிமாஸ் பதத்துக்குப் பிரட்டி ரொட்டிக்குள் வைத்தால் நல்ல சாப்பாடு. ஆவின் பூத்திலேயே கிடைக்கிறது. ஆனால் சீஸுக்கு ஏங்கும் நாக்கை அது சமாதானப்படுத்தாது. அதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

செடார் இங்கிலாந்தின் சாமர்செட் பகுதியில் அதே பெயருள்ள கிராமத்தில் பிறந்தது. தயிர்க்கட்டியைப் பலகை பலகையாக வெட்டி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கித் திருப்பித் திருப்பி வைத்து மோர்த் தண்ணீரை வடிப்பார்கள். மாதக்கணக்கில் பழுத்தால் நாக்கில் சுருக்கென்று ஏறும். ஆரஞ்சு நிறத்தைப் பார்த்து நன்றாகப் பழுத்தது என்று நினைத்துவிடக் கூடாது. அது அன்னாட்டோ விதைச் சாயம். நன்றாகப் பழுத்த செடாரைக் கல்லில் போட்டால் எண்ணெய் பிரிந்து ரொட்டியில் ஊறும், ஆறியதும் மெழுகுப் படலமாக நிற்கும். சூடு காட்டாமல் சாப்பிட வேண்டிய சீஸ் இது. ஆங்கிலேயர்கள் செடாரோடு இனிப்பு ஊறுகாய் வைத்துத் தின்பார்கள். 1690-இல் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை மராத்தியரிடமிருந்து வாங்கிச் செயின்ட் டேவிட் என்று பெயர் வைத்தவர்களின் நாட்டுச் சீஸ் என்பதால், நானும் வெல்லம் போட்ட மாங்காய்ப் பச்சடியைக் கெட்டியாகச் சுண்டவைத்து, வெண்ணெய் தடவிய ரொட்டியில் மெல்லிய செடார் வில்லைகளோடு வைத்துப் பார்த்தேன். கோட்டையில் இருந்த துரைமார்கள் பொறாமைப்பட்டிருப்பார்கள். சித்திரை, வைகாசியில் மட்டும் செய்யக்கூடியது, வெளிநாட்டுச் செடாரின் விலையும் அப்படித்தான் இருக்கிறது.

இனி, என் மனதுக்குப் பிடித்தது: கௌடா.

புதுச்சேரியில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், அலுவலகத்தில் ஒரு பிரிவு உபசாரத்தில் மஞ்சள் மெழுகுத் தோல் போர்த்திய ஒரு துண்டை வெட்டி வைத்திருந்தார்கள். மற்றவர்கள் கேக்குக்கு வரிசையில் நிற்க, நான் அந்தத் தட்டை விட்டு நகரவில்லை. உப்பு முன்னால் வரவில்லை, ஒரு இளம் இனிப்பு வந்தது; சுண்டக் காய்ச்சிய பாலின் அடியில் படியும் இனிப்பு. நெதர்லாந்தின் கௌடா நகரச் சந்தையில் விற்கப்பட்டதால் அந்தப் பெயர். அந்த இனிப்புக்குக் காரணம், தயிர்க்கட்டியை வெட்டிய பிறகு மோர்த் தண்ணீரில் ஒரு பகுதியை வடித்துவிட்டு வெந்நீர் ஊற்றி அலசுவது. அதில் பால் சர்க்கரை கொஞ்சம் வெளியேறிவிடுகிறது. சர்க்கரை குறைந்தால் இனிப்பு அல்லவா குறைய வேண்டும் என்று தோன்றும். அந்தச் சர்க்கரை உள்ளேயே இருந்திருந்தால் நுண்ணுயிர்கள் அதை முழுக்கப் புளிப்பாக்கியிருக்கும். அலசியதால் புளிப்பு குறைந்து பாலின் இயல்பான இனிமை முன்னால் வருகிறது.

புளிப்பு குறைவாகவும் ஈரம் போதுமானதாகவும் இருப்பதால் இளம் கௌடா கல்லில் சீராக உருகுகிறது, எண்ணெய் கொட்டுவதில்லை. ஆறிய பிறகு மொசரெல்லா அளவுக்கு இறுகுவதில்லை, செடார் அளவுக்கு மெழுகாவதில்லை. பல்லுக்குக் கொஞ்சம் எதிர்ப்புக் காட்டிவிட்டு விட்டுக்கொடுக்கும். பிராசஸ்டு சீஸின் மென்மை இதற்கு இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதில் இல்லாத ருசி இதில் இருக்கிறது.

டச்சுக்காரர்கள் நமக்கு அந்நியர்களும் அல்லர். 17-ஆம் நூற்றாண்டில் பரங்கிப்பேட்டையில் துணி வணிகம் செய்தவர்கள், 1693-இல் புதுச்சேரியையே பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து பிடித்து 1699 வரை கையில் வைத்திருந்தவர்கள். அவர்கள் ஊர் லைடன் நகரத்துச் சீஸில் சீரகம் போடுவது வழக்கம். சீரகம் போட்ட கௌடா கிடைத்தால் யோசிக்காமல் வாங்குங்கள். ரசம் குடித்து வளர்ந்த நாக்கு அதை முதல் கடியிலேயே அடையாளம் கண்டுகொள்ளும்.

கௌடாவுக்கு நான் கண்டுபிடித்த ஜோடி வடகம். சித்திரை வெயிலில் சின்ன வெங்காயம், பூண்டு, உளுந்து, கடுகு, வெந்தயம், சீரகம் எல்லாம் இடித்துப் பிசைந்து, விளக்கெண்ணெய் தடவிய கையால் உருட்டிக் காயவைப்போமே, அதே தாளிப்பு வடகம். பிரான்சில் இதை 'வடுவான்' என்று பொடியாக்கிச் சின்னச் சின்னக் குப்பிகளில் விற்கிறார்கள். அதன் விலையைக் கேட்டு அம்மா வாயடைத்துப் போனார். அரை உருண்டையை உதிர்த்து, ஒரு கரண்டி வெண்ணெயில் மிகச் சிறு தீயில் வறுக்க வேண்டும். வெங்காயம் பழுப்பாகி வாசனை தெருவரை போகும்போது இறக்கிவிடுங்கள்; அதற்கு மேல் ஒரு நிமிடம் விட்டாலும் வெந்தயம் கசந்துவிடும். அந்த வெண்ணெயையும் வடகத்தையும் ரொட்டியில் பரப்பி, அதன்மேல் துருவிய கௌடாவை ஒரு விரல்கடை உயரத்துக்குத் தூவி, இன்னொரு ரொட்டியால் மூடி, கல்லில் மெதுவாக வாட்டுங்கள். காய்ந்த வெங்காயத்தின் இனிப்பும் சீஸின் இனிப்பும் ஒன்றோடொன்று சேர்ந்துகொள்ளும். நடுவில் பூண்டும் கடுகும் அவ்வப்போது தலைகாட்டும். சட்னி, சாஸ் எதுவும் வேண்டாம். மதியம் ஆறிப்போய்ச் சாப்பிடும்போது காலையில் இருந்ததைவிட நன்றாக இருக்கிறது என்பது என் கட்சி. வடகம் வெண்ணெயில் ஊறி ரொட்டிக்குள் இறங்கியிருக்கும். என் கணவர் இதை ஏற்கவில்லை. அவருக்குச் சூடாகத்தான் வேண்டும்.

முதுநகர்த் துறைமுகத்து இறால் கிடைக்கும் நாளில் இறால் தொக்கும் கௌடாவும் வைக்கலாம். தொக்கு தண்ணீரில்லாமல் சுண்டியிருக்க வேண்டும். ருசியில் குறையில்லை, ஆனால் அதை அலுவலகத்துக்கு எடுத்துப் போகாதீர்கள். ஏசி அறையில் இறால் வாசனை மாலைவரை நிற்கும். யார் கொண்டுவந்தது என்பதை மேலாளர் முதல் காவலாளி வரை அறிவார்கள்.

வாசனை என்றதும் ஆரோபுளோஷோன். 1968-இல் தொடங்கிய ஆரோவில்லின் லா ஃபெர்மில், பிரான்சின் சவோய் மலைப் பகுதியின் ரெபுளோஷோன் சீஸை முன்மாதிரியாக வைத்துச் செய்யும் சீஸ் அது. பழுக்கும்போது தோலைக் கழுவிக்கொண்டே இருப்பதால் அதில் ஒரு வகை நுண்ணுயிர் வளர்ந்து கடும் நெடி வருகிறது. தோலின் நெடியைத் தாண்டி உள்ளே போனால் வெண்ணெய்க்கும் பாலேட்டுக்கும் நடுவில் ஒரு மென்மை. ஒருமுறை வாங்கிக்கொண்டு கடலூர் பஸ்ஸில் ஏறினேன். அரியாங்குப்பம் தாண்டுவதற்குள் பக்கத்து இருக்கை அம்மாள் ஜன்னலை முழுக்கத் திறந்துவிட்டு, என் பையைப் பார்த்து, "கருவாடா கண்ணு?" என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். விளக்குவதற்கு முள்ளோடைவரைதான் நேரம் இருந்தது. டப்பாவுக்கு இது அறவே ஆகாது. வீட்டில், காலையில் வாங்கிய மொறுமொறுப்பான பிரெஞ்சு ரொட்டியைப் பிளந்து, சூடு காட்டாமல் இதைத் தடவி, பண்ருட்டிப் பலாச்சுளையைக் கீறி உள்ளே வையுங்கள். நெடிக்கு நெடி சரியான போட்டி. ஆனி மாதத்துக்கு மட்டும் உரிய இந்த சாண்ட்விச்சுக்காக நான் பிராசஸ்டு சீஸை விட்டுக்கொடுப்பேன், கௌடாவை மாட்டேன்.

அந்தப் பிரெஞ்சு ரொட்டியும் மாலைக்குள் நம் கடற்காற்றின் ஈரத்தில் தோலாகிவிடும் என்பதால் டப்பாவுக்குப் பால் ரொட்டிதான் சரி. புதுச்சேரி உணவகங்களில் கிடைக்கும் 'குரோக் மொசியே' என்ற பிரெஞ்சு சாண்ட்விச் நன்றாகத்தான் இருக்கும். க்ரூயேர் வகைச் சீஸும் வெள்ளைச் சாஸும் போட்டு அடுப்பில் வாட்டியது. அது மேசையில் வைத்த கையோடு தின்ன வேண்டிய பண்டம், நம் கணக்கில் வராது.

சைவ வீடுகளுக்கு ஒரு வார்த்தை. பால் உறைய வைக்கும் ரெனெட் பழங்காலத்தில் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கப்பட்டது. இந்திய நிறுவனங்கள் பெரும்பாலும் நுண்ணுயிரிலிருந்து எடுத்ததைப் பயன்படுத்துகின்றன, பொட்டலத்தில் பச்சைப் புள்ளி இருக்கும். இத்தாலியின் அசல் பார்மெசானில் இன்றும் கன்று ரெனெட்தான் போட வேண்டும் என்பது விதி. புரட்டாசியில் வெளிநாட்டு உறவினர் ஆசையாக நீட்டும் துண்டை வாங்குமுன் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆக, பள்ளிப் பிள்ளைகள் இருக்கிற, சிக்கனம் பார்க்கிற வீடு என்றால் பிராசஸ்டு கட்டி. மாலையில் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் வீடு என்றால் மொசரெல்லா. பெரியவர்கள் மட்டும் இருந்து, டப்பாவும் கட்ட வேண்டும், ருசியும் வேண்டும் என்றால் இந்தியாவில் செய்த இளம் கௌடா. என் வீட்டு ஃபிரிட்ஜில் இருப்பது கௌடா. பெரியப்பா வீட்டுப் பேரப்பிள்ளைகள் வருவார்கள் என்று தெரிந்தால் மட்டும் கூடவே முக்கோணங்கள்.

வாங்கும்போது 200 கிராமுக்கு மேல் வேண்டாம். பிளாஸ்டிக்கை இறுகச் சுற்றாமல் பட்டர் பேப்பரில் மடித்து, ஒரு டப்பாவுக்குள் போட்டு, காய்கறித் தட்டில் வையுங்கள். ஃபிரீசரில் வைத்தால் கௌடா உதிர்ந்துவிடும். மொசரெல்லாத் துருவலை மட்டும் வைக்கலாம். கெட்டி சீஸின் ஓரத்தில் பூசணம் கண்டால் அதைச் சுற்றியும் அடியிலும் குறைந்தது ஒரு அங்குலத்துக்குத் தாராளமாக வெட்டி எறிந்துவிட்டு மீதியைப் பயன்படுத்தலாம். புது மொசரெல்லாவில் கண்டால் முழுவதையும் எறிந்துவிடுங்கள். கடலூருக்கு எடுத்துப் போகிறவர்கள் கடைசி வேலையாக சீஸை வாங்கிக்கொண்டு, ஐந்து மணிக்கு மேல் பஸ் ஏறுங்கள்.